மனம் ஆறும் நேரம்

எங்கள் ஊரில் இப்போது எல்லோருக்கும் 'மூடு' இருக்கிறது. தரம் நான்கில் படிக்கிற பிள்ளைகூட, "சேர், எனக்கு இண்டைக்கு மூடு சரியில்ல" என்கிறது. என் சிறுவயதில் இந்தச் சொல் ஊருக்குள் இல்லை. சங்கதி மட்டும் தாராளமாக இருந்தது. வாப்பாவுக்கு மனம் கெட்டிருந்தால் "முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு இருக்கார்" என்பார்கள். உம்மாவுக்கென்றால் "அவக்கு நெஞ்சுக்குள்ள என்னமோ" என்பார்கள். ஆணுக்கு முகத்தில், பெண்ணுக்கு நெஞ்சுக்குள். இந்தப் பங்கீட்டைச் செய்தவர்கள் ஆண்களாகத்தான் இருக்க வேண்டும்.

வாப்பா வயல் செய்தவர். கடன், களை, பன்றி, வாய்க்கால் தண்ணீர் என்று அவருடைய மனத்தைக் கெடுக்க வருடம் முழுவதும் காரணங்கள் வரிசையில் நின்றன. ஒருமுறை கெட்டால் நாலு நாள். சோறு வைத்தால் சாப்பிடுவார், கேட்டால் 'ம்' என்பார். அடிக்கவோ ஏசவோ மாட்டார். ஆனால் அந்த நாலு நாளும் வீட்டில் ஏழு பேர் கால் நுனியில் நடப்போம். றேடியோ போடக் கூடாது. ஐந்தாம் நாள் காலையில் அவராகவே, "தேத்தண்ணிக்கு இஞ்சி போடலியா?" என்று கேட்பார். அப்போதுதான் வீட்டுக்குள் காற்று வரும். மனம் கெடுவதை வாப்பா மழையைப் போலப் பார்த்தார். வந்தால் பெய்து முடியும் வரை காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அவர் அன்பில்லாதவர் அல்லர். அதிலிருந்து வெளியே வர ஒரு வாசல் இருக்கலாம் என்று அவருக்கு யாரும் காட்டித் தரவில்லை.

உம்மாவிடம் வாசல் இருந்தது. குளத்தோரம் வெட்டிக் காயவைத்த பன் எப்போதும் அடுப்படிச் சுவரோரம் கட்டாகச் சாய்ந்து நிற்கும். சிவப்பு, பச்சை, ஊதா என்று சாயமிட்ட கட்டுகள் தனியே இருக்கும். யாரோடாவது மனத்தாங்கல் வந்தால் உம்மா ஒரு வார்த்தை பேச மாட்டா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய் இழைக்க உட்காருவா. முதல் பத்து நிமிடம் பன் 'சடக் சடக்' என்று சத்தம் போடும். பிறகு சத்தம் தணியும். பிறகு உம்மா வாய்க்குள் ஸலவாத்து ஓதுவது கேட்கும். ஒரு மணித்தியாலத்தில் எழுந்து வந்து, ஏசிய ஆளுக்கே தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பா. சண்டைக்கான காரணம் தீர்ந்திருக்காது. அதை மறுபடியும் பேசுவா, ஆனால் குரல் வேறாக இருக்கும்.

இந்த இரண்டு பேருக்கும் பிறந்தவன் நான். முகம் வாப்பாவுடையது. உம்மாவின் கையைத்தான் நான் தேடிப் பெற வேண்டியிருந்தது.

அது கிடைத்த இடம் அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலை. பயிற்சி இல்லாமல் சில வருடம் படிப்பித்துவிட்டு, வயது வந்த பிறகு மாணவனாகப் போய் இரண்டு வருடம் உட்கார்ந்தவன் நான். அங்கே படித்த கல்வி உளவியலில் பாதி இப்போது நினைவில் இல்லை. கரும்பலகை எழுத்து மட்டும் கையில் நிற்கிறது. வெண்கட்டியை மூன்று விரலால் பிடித்து, எழுதும்போதே அதை மெல்ல உருட்டிக்கொண்டு போகவேண்டும் என்று எங்கள் விரிவுரையாளர் சொல்லுவார். உருட்டாவிட்டால் வெண்கட்டி ஒரு பக்கம் தேய்ந்து கோடு தடித்துவிடும். வரி முன்னேற முன்னேற கால் நகரவேண்டும், கையை நீட்டக் கூடாது. அந்தக் காலத்தில் இதெல்லாம் பெரிய மனிதர்களுக்குச் சொல்லித்தரும் சங்கதியா என்று நாங்கள் விடுதியில் சிரித்தோம்.

ஆனால் கோபத்தோடு 'இ' எழுத முடியாது. முயன்று பாருங்கள். 'ண'வும் 'ஞ'வும் அப்படித்தான். சுழிக்கு அவசரம் ஆகாது. கை அவசரப்பட்டால் எழுத்து உடனே கோள் சொல்லிவிடும்.

எனது வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். கச்சான் காற்று வீசுகிற மாதங்களில், இடைவேளைக்குப் பிந்திய பாடத்தில், தகரக் கூரைக்குக் கீழே முப்பத்தெட்டு வியர்த்த பிள்ளைகளோடு நிற்பது என்னவென்று ஆசிரியர்களுக்குத் தெரியும். அன்று காலை சம்பள முற்பணம் பற்றி அலுவலகம் ஒன்றில் இருந்து வந்த பதில் சட்டைப் பைக்குள் கிடக்கும். முன்வரிசையில் ஒருவன் மற்றவனின் கொப்பியைக் கிழிப்பான். அந்த இடத்தில் நான் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பிவிடுவேன். பலகையின் இடது மூலையில் திகதியை எழுதுவேன். ஏற்கெனவே எழுதியிருந்தால் அழித்துவிட்டு எழுதுவேன். அதன் கீழே ஹிஜ்ரித் திகதி. பிறகு பாடத்தின் பெயர். பிறகு அன்றைய பாடத்திலிருந்து ஒரு முழு வசனம். வெண்கட்டி உருளும், கால் நகரும். மூன்றாவது வரி முடியும்போது மூச்சு கீழே இறங்கியிருக்கும். திரும்பிப் பார்க்கும் முகம் வேறு முகம்.

இது யாருக்கும் தெரியாத இரகசியம் என்றுதான் வெகு காலம் எண்ணியிருந்தேன். ஒருநாள் வகுப்புக்கு வெளியே, யன்னலோரம் நின்றபோது உள்ளே ஒருத்தி அடுத்தவளிடம் சொன்னது காதில் விழுந்தது: "இண்டைக்குச் சேருட எழுத்து நல்ல வடிவா இரிக்கி. பேசாம இருங்கடி." பிள்ளைகள் எனது மனநிலையை எழுத்தில் வாசித்திருக்கிறார்கள்! எழுத்து வடிவாக வந்தால் சேருக்குக் கோபம். கிறுக்கலாக வந்தால் சேர் சந்தோஷமாக இருக்கிறார், விளையாடலாம். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ஆசிரியனின் கெட்ட மனம் அவனோடு நிற்பதில்லை என்ற பயமும் கூடவே வந்தது. அது முப்பத்தெட்டு வீட்டுக்குப் போகிறது. வாப்பாவின் நாலு நாள் ஏழு பேரைத்தான் தொட்டது.

பாடசாலைகளில் உடல்ரீதியான தண்டனையைக் கைவிடச் சொல்லும் கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கையை ஆசிரியர் எல்லோரும் அறிவோம். பிரம்பை எங்கே வைப்பது என்று அது சொல்லிற்று. கையை எங்கே வைப்பது என்று சொல்லவில்லை. பிரம்பு இல்லாத கையில் கோபம் அப்படியே இருக்கும். நாக்குக்கு ஏறும். நாக்கு பட்ட இடத்துக்கு மருந்து போடுவது பிரம்பு பட்ட இடத்தைவிடக் கடினம். எனவேதான் ஆசிரியனின் கைக்கு ஒரு வேலை வேண்டும் என்கிறேன்.

மார்க்கம் இதைக் கையிலும் உடம்பிலும் இருந்துதான் தொடங்குகிறது என்பது எனக்கு வியப்பான சங்கதி. கோபம் வந்தவர் நின்றுகொண்டிருந்தால் உட்காரட்டும், அப்போதும் தணியாவிட்டால் படுத்துக்கொள்ளட்டும் என்ற கருத்தில் நபிகளாரின் (ஸல்) அறிவுரை அபூதாவூதில் வருகிறது. கோபத்தை நெருப்போடு சேர்த்து, நெருப்பைத் தண்ணீர் அணைக்கும், ஆகவே வுழூச் செய்யட்டும் என்ற கருத்துடைய இன்னொரு அறிவிப்பும் அதே நூலில் இருக்கிறது. அதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து ஹதீஸ் கலை அறிஞர்கள் பேசியிருக்கிறார்கள். அதை அவர்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்குத் தெரிந்தது கிணற்றடி. முகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் இதயத் துடிப்பு சற்றுத் தணியும் என்பது உடலியல் நூல்களில் உள்ள விடயம். நீரில் மூழ்கும் பிராணிகளுக்கு அது பலமாக உண்டு, மனிதருக்குக் கொஞ்சம் உண்டு. துக்கமுள்ள வீட்டில் வாற்கோதுமை மாவில் காய்ச்சும் 'தல்பீனா' என்ற கஞ்சி மனத்துக்கு இதம் தரும் என்று ஆயிஷா நாயகி (ரலி) அறிவிப்பதாக ஸஹீஹுல் புஹாரியில் உள்ளது. ஒரு கோப்பைக் கஞ்சி! உபதேசம் அல்ல, விவாதம் அல்ல, சூடான கஞ்சி. எங்கள் பகுதியில் வாற்கோதுமை இல்லை. மையித்து வீட்டுக்கு அயல்வீட்டுக்காரர் கொண்டுபோகிற இஞ்சித் தேத்தண்ணியை நான் அதற்கு உறவுமுறையாகவே எண்ணுகிறேன்.

பள்ளியில் தொழுகைக்குப் பின் விரல் மடிப்பில் தஸ்பீஹ் எண்ணும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரு கைக்குப் பதினைந்து கோடு. இரண்டு கைக்கும் முப்பது. முப்பத்திமூன்றுக்கு இன்னும் மூன்று வேண்டும். ஆகவே மனம் முழுவதுமாக நித்திரை கொள்ள முடியாது, முழுவதுமாக ஓடவும் முடியாது. விரலைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். 2001 இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கத்தோலிக்கரின் ஜெபமாலையை இலத்தீனிலும், ஒரு யோக மந்திரத்தையும் திரும்பத் திரும்பச் சொல்லச் செய்தபோது, இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்து, இதயத்தின் ஒழுங்கும் நன்றாக அமைந்தது என்று கண்டார்கள். நமது திக்ரை அவர்கள் ஆராயவில்லை. ஆனாலும் நீட்டி ஓதும் வாய்க்கு மூச்சை நீட்டி விடுவதைத் தவிர வேறு வழியில்லை. மூச்சு வெளியே போகும்போது இதயம் சற்று மெதுவாக அடிக்கும். இதைச் சொல்வதால் திக்ரை மூச்சுப் பயிற்சியாக்கிவிட்டேன் என்று யாரும் எண்ண வேண்டாம். ஓதுவது அல்லாஹ்வுக்காக. ஓதுகிற உடம்புக்கும் அதில் ஒரு பங்கு கிடைக்கிறது, அவ்வளவே.

இந்த விடயத்தில் என்னை மிகவும் கவர்ந்தவர் அபூ ஸைத் அல் பல்கி. இன்றைய ஆப்கானிஸ்தானில் உள்ள பல்க் பிரதேசத்துக் கிராமமொன்றில் பிறந்து 934 இல் காலமானவர். பெரும்பாலோர் அவரைப் புவியியலாளராகவே அறிவர். அவருடைய தகப்பனார் ஒரு பள்ளி ஆசிரியர். பல்கியும் இளமையில் அதே தொழில் செய்தவர். என்னைப் போன்றவனுக்கு இது போதாதா? உடம்பையும் உள்ளத்தையும் பேணுவது பற்றி அவர் எழுதிய நூலின் கையெழுத்துப் பிரதி இஸ்தான்பூலில் கிடந்தது. அதைப் பேராசிரியர் புஆத் ஸெஸ்கின் 1984 இல் பிரதிப் பதிப்பாக வெளியிட்டார். உள்ளம் பற்றிய பகுதியை சூடான் நாட்டு உளவியலாளர் மாலிக் பத்ரி 2013 இல் ஆங்கிலத்தில் தந்தார்.

கோபம், பயம், கவலை, ஊசலாட்டம் என்று பல்கி தனித்தனியாக எடுத்துப் பேசுகிறார். கவலையில் இரண்டு வகை பிரிக்கிறார்: காரணம் தெரிந்தது, காரணம் தெரியாதது. தெரியாததன் வேர் உடம்பில் இருக்கலாம் என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முன்! கிழமைக்கணக்கில் காரணமே இல்லாமல் மனம் இருண்டு கிடப்பவரை "ஈமான் குறைவு" என்று ஏசுகிற நம்மவர்கள் இதைப் படிக்க வேண்டும். அப்படிப்பட்டவருக்கு வேண்டியது வைத்தியர். பாயும் வெண்கட்டியும் அங்கே போதாது.

ஆனால் நான் பல்கியிடம் பிடித்துக்கொண்டது வேறு. புத்தியுள்ளவர் திடீர் நோய்க்கென்று வீட்டில் மருந்து சேர்த்து வைப்பதுபோல, மனம் அமைதியாக இருக்கும் நாளிலேயே, கலங்கும் நாளுக்கு வேண்டிய நல்ல எண்ணங்களைச் சேர்த்து வைக்க வேண்டும் என்ற கருத்தை அவர் சொல்கிறார். அவர் எண்ணங்களைச் சொன்னார். நான் பழக்கங்களையும் அதே அலுமாரிக்குள் வைப்பேன். உம்மா சந்தோஷமாக இருக்கும் நாட்களிலும் பாய் இழைத்தா. அதனால்தான் கெட்ட நாளில் கை தானாக ஓடிற்று. நாலு நாள் மௌனத்தின் நடுவில் வாப்பாவைப் பிடித்து, "வாங்க, பாய் இழைப்போம்" என்றால் நடக்குமா? நெருப்புப் பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது என்பது இதற்கும்தான்.

சேர்த்து வைப்பதில் போலி மருந்துகளும் உண்டு. எனது சக ஆசிரியர் ஒருவர் மனம் கெட்டால் வெற்றிலை போடுவார். இன்னொருவர் போனை எடுத்துக்கொண்டு ஒதுங்கிவிடுவார். அரை மணித்தியாலம் விரலால் தள்ளிக்கொண்டே இருப்பார். நிமிரும்போது, போன கோபத்தோடு இன்னும் நாலு ஊர்க் கோபமும் சேர்ந்திருக்கும். நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான். அதைச் செய்து முடித்த பின், மனத்தைக் கெடுத்த அதே ஆளின் முன்னால் போய் நின்று, அதே விடயத்தைக் கதைக்க முடிகிறதா? முடிந்தால் அது ஆற்றுகிறது. முடியாவிட்டால் அது ஒளிக்கிறது. வாய்க்கால் கட்டால் சயிக்கிள் மிதித்து வயல் வாடி வரை போய்த் திரும்புவது எனக்கு ஆற்றுகிறது. எதிர்க்காற்றாக இருந்தால் இன்னும் நல்லது. கடைசி முச்சந்தியில் போய் நின்று நாலு பேரோடு சேர்ந்து அந்த ஆளைப் பற்றிக் கதைப்பது, அந்த நேரத்துக்கு எவ்வளவு சுகமாக இருந்தாலும், ஆற்றுவதில்லை. அது புறம்பேசுதல் என்பது ஒரு பக்கம். கோபத்துக்கு அது சோறு போடுகிறது என்பது மறுபக்கம்.

இவ்வளவும் எழுதிவிட்டு, எழுத விரும்பாத ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. இல்லாவிட்டால் இக்கட்டுரை சுகமாக இருப்பவர்களுக்கான குறிப்பாகிவிடும்.

உம்மாவின் கடைசித் தம்பி, எனக்குச் சின்ன மாமா, கொழும்பில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடம் வேலை செய்தவர். 2020 டிசம்பரில் அங்கேயே ஒரு வைத்தியசாலையில் கொரோனாவில் மௌத்தானார். 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி, கொரோனாவில் இறந்தவரின் உடலைத் தகனம் செய்தே ஆகவேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அப்படித்தான் நடந்தது. குளிப்பாட்டவில்லை, கபனிடவில்லை, ஊர் மையவாடியில் ஒரு பிடி மண் போடவில்லை. மச்சான் போனில் சொன்னார். நான் உம்மாவிடம் சொன்னேன். உம்மா என்னைப் பார்த்து, "நெருப்பிலயா?" என்று ஒருமுறை கேட்டா. பிறகு சுவரோரம் போய்ப் பன் கட்டை அவிழ்த்தா.

அந்த மாதம் இருபது நாள் குழந்தை ஒன்றும் எரிக்கப்பட்டது. பொரளை கனத்தை மயானத்து வேலியில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், எல்லா மதத்தவரும். எங்கள் தெருவிலும் படலைகளில் கட்டினார்கள். உம்மா தன் பழைய வெள்ளைத் துப்பட்டியில் ஒரு கீலம் கிழித்து எங்கள் படலையில் கட்டிவிட்டு வந்து, மறுபடி பாய்க்கு முன்னால் உட்கார்ந்தா. இரண்டு மாதம் இழைத்தா. ஒரு மணித்தியாலம் அங்கே போதவில்லை. துக்கம் ஆறவில்லை. ஆனால் இழைத்த நாட்களில் சோறு தின்றா, சற்று நித்திரை கொண்டா. பன் முடிந்து வெட்டப் போக முடியாத கிழமையில் இரண்டும் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பாடசாலையின் இளம் ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சேர், உங்களுக்குக் கோபமே வராதா? எரிக்கிறாங்க, நீங்க சயிக்கிள் ஓடப் போறீங்க." நியாயமான கேள்வி. உடனே பதில் சொல்லவில்லை. பல நாள் அதை வாயில் வைத்திருந்தேன். தன்னை ஆற்றிக்கொள்ளத் தெரிந்தவனை அடக்கி வைப்பது எளிது என்பது அவருடைய எண்ணம். அதில் உண்மை இருக்கிறது. எந்த நோவுக்கும் உடனே ஒரு தைலம் தடவிக்கொள்கிற சமூகம் நோவின் காரணத்தைக் கேட்காமலே இருந்துவிடலாம்.

ஆனால் கோபம் வேறு, கெட்ட மனம் வேறு. இதைத்தான் அவருக்குப் பின்னர் சொன்னேன். கோபம் ஒரு விடயத்தைப் பற்றியது. இது அநியாயம் என்று சொல்வது. கெட்ட மனம் எதைப் பற்றியதும் அல்ல, கண்ட இடத்தில் கொட்டும். சின்ன மாமாவை எரித்ததற்கான கோபத்தை, கொப்பி கிழித்த பத்து வயதுப் பிள்ளையின் மேல் கொட்ட எனக்கு உரிமை இல்லை. ஊர் ஜமாஅத்தார் மகஜர் ஒன்று எழுதித் தரச் சொல்லி வந்த அன்று, நான் முதலில் வயல் வாடி வரை சயிக்கிளில் போனேன். இஷாவுக்குப் பின் உட்கார்ந்து எழுதினேன். வெட்டி எறியக்கூடிய ஒரு சொல்லும் அதில் இருக்கவில்லை. அடக்கம் செய்வது எங்கள் கடமை, அதை மறுக்க மருத்துவக் காரணம் இல்லை, எங்கள் மையித்துகளைத் தாருங்கள் என்று வரி வரியாக, வடிவான எழுத்தில். கோபம் ஒரு துளி குறையவில்லை. கை மட்டும் நடுங்கவில்லை.

பதில் வரவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது, மார்ச் முதல் ஓட்டமாவடியில் அடக்கினார்கள். எங்கள் மாமாவுக்கு அது பிந்திவிட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்த செய்தியை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "தம்பிட கபுறு எங்க இரிக்கெண்டு அதுல போட்டிருக்கா?" என்று கேட்டா. அந்தக் கேள்விக்கு எந்தப் பழக்கமும் மருந்தில்லை. இருக்கவும் கூடாது.

சென்ற தவணை தரம் ஐந்துப் பிள்ளைகளிடம் ஒரு கட்டுரை எழுதச் சொன்னேன். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கி, தாய்மாரின் முகமெல்லாம் என் வாப்பாவின் முகம்போல ஆகியிருந்த நேரம். தலைப்பு: 'மனம் சரியில்லாதபோது நான் செய்வது'. பரீட்சைக்கு வராத தலைப்பு என்பதால் அதிபருக்குப் பிடிக்கவில்லை. எழுதினார்கள். ஒருவன் ஆட்டுக்குட்டியின் காதைத் தடவுவானாம், காது குளிராக இருக்குமாம். ஒருவன் தென்னை மரம் எண்ணுவானாம். பதினேழு மரம் உண்டு, இரண்டு முறை எண்ணினால் சரியாகிவிடுமாம். ஒருத்தி தம்பியைக் கிள்ளுவாளாம். அளவுகோல்படி அது தேறாது என்றாலும் உண்மையை எழுதியதற்குப் புள்ளி கொடுத்தேன். மூன்று பேர் "தொழுவேன்" என்று மட்டும் எழுதியிருந்தார்கள். சேருக்குப் பிடிக்கும் என்று எழுதியது போலிருந்தது. அல்லாஹ் அறிவான்.

ஒரு பிள்ளையின் உம்மா சவூதியில் வீட்டுவேலைக்குப் போய் இரண்டாவது வருடம். பிள்ளை மூத்தம்மாவோடு இருக்கிறது. அவள் நாலு வரிதான் எழுதியிருந்தாள். அலுமாரியில் உம்மாவின் ஓடணி இரண்டு இருக்கிறது. மனம் சரியில்லாவிட்டால் பச்சை ஓடணியை எடுத்து முகத்தில் வைத்துக்கொள்வாள், உம்மாவின் வாசம் வரும். நோன்புப் பெருநாளைக்கு மூத்தம்மா அதைத் துவைத்துவிட்டா, இப்போது சவர்க்கார வாசம்தான் வருகிறது. நீலம் இன்னும் துவைக்கவில்லை, ஆனால் அது ஹஜ்ஜுப் பெருநாளைக்கு.

எல்லாப் புலன்களிலும் வாசம்தான் நினைவுக்குக் கிட்ட இருக்கிறது என்று கலாசாலையில் படித்த ஞாபகம் வந்தது. கொப்பிகளைக் கட்டி வைத்துவிட்டு, பின்னேரம் அஸர் தொழுத கையோடு சயிக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மூத்தம்மா கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தா. பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, நீல ஓடணியைப் பெருநாளைக்குத் துவைக்க வேண்டாம் என்று சொன்னேன். மூத்தம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, ஓடணியை ஒரு சொப்பிங் பேக்கில் போட்டு, வாயை இறுக்கிக் கட்டி வைத்தா.